கூரை மாத்தின பிறகு வளவு மணலுக்க ஆணி, எப்படிப் பொறுக்கி எடுக்கிற?

கல்லாறு_மகள்:

வணக்கம் எல்லாருக்கும். நான் மட்டக்களப்புப் பக்கம் பெரியகல்லாறு. எங்கட வீட்டு ஓட்டுக்கூரைய பிரிச்சுப் போட்டு போன கிழமதான் சீட் அடிச்சு முடிஞ்சது. மாரி தொடங்க முதல் முடிக்கோணும் எண்டு ஓடாவிமார, கூரைத் தச்சுவேல செய்யிற ஆக்கள, கெஞ்சிப் பிடிச்சுச் செய்விச்ச வேல. வேலையில ஒரு குறையும் இல்ல, ஆனா வளவெல்லாம் ஆணி. ஓட்டத் தாங்குற பழைய சலாகைய, அந்தக் குறுக்குச் சட்டங்களக் கழட்டி மேல இருந்து அப்படியே கீழ போட்டவங்க, போடக்குள்ள ஆணி தெறிச்சு மணலுக்க புதைஞ்சிட்டு. ஒரு பெயின்ற் வாளிக்க அவங்க புடுங்கின ஆணியப் போட்டுத் தந்துட்டுத்தான் போனவங்க, மிச்சம் எவ்வளவு மண்ணுக்க கெடக்கு எண்டு ஒருத்தருக்கும் தெரியாது.

எங்கட வளவு உங்களுக்குத் தெரியும்தானே, இந்தக் கரைப் பக்கம் முழுக்க வெள்ள மணல், கால் வெச்சா கணுக்கால் வரைக்கும் போகும். நான் மூண்டு நாளா காலயில பின்னேரம் ஈக்கில்கட்டால கூட்டுறன். கூட்டக் கூட்ட ஆணி வருது, அடுத்த நாள் அதே இடத்துல திரும்பவும் வருது. முந்தாநாள் சின்னவன் செருப்போட ஓடினவன், செருப்பால ஏறி காலுல குத்திட்டு. நல்ல காலம் ஆழமாப் போகல. அம்மாவ நினைச்சாத்தான் சரியான பயம். அவவுக்குச் சீனி வருத்தம், பாதத்துல உணர்ச்சி குறைவு, குத்தினாலும் அவவுக்குத் தெரியாது, வெறுங்காலோட கிணத்தடிக்குப் போய் வாற பழக்கத்த இந்த வயசுல விடவும் மாட்டா.

ஐப்பசிக் கடைசியில அப்பாட ஆண்டுத் திவசம். சொந்தக்காரர் அம்பது அறுபது பேர் வருவாங்க, முற்றத்துலதான் பந்தல் போட்டுப் பாய் விரிச்சுச் சாப்பாடு, எல்லாரும் வெறுங்கால்தான், புள்ளைகள் உருண்டு விளையாடும். அதுக்குள்ள இந்த மணலச் சுத்தமாக்கோணும்.

இன்னொண்டும் கேக்கோணும். தென்னமரத்தடியில, வீட்டுல இருந்து நாப்பது அடி தள்ளி, நேத்து ஏழெட்டு ஆணி எடுத்தன். அவ்வளவு தூரத்துக்குத் தெறிக்குமா? வேற எப்படி வந்திருக்கும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.


சம்மாந்துறை_ஓடாவி:

தங்கச்சி, நான் இருவத்தாறு வருசமா கூரை வேல செய்யிறவன், எங்கட ஆக்கள் விட்டுட்டுப் போன ஆணிக்கு நானே பதில் சொல்லத்தான் வேணும்.

முதல்ல கணக்கு ஒண்டு போட்டுப் பாருங்க. கண்ணால தேடினா எப்ப முடியும் எண்டு தெரியாமத்தான் மனுசர் களைச்சுப் போற. ஓட்டுக்கூரையில ஒவ்வொரு சலாகையும் அதுக்குக் கீழ சாய்வாப் போற ஒவ்வொரு கைமரத்துலயும் ஆணி வாங்கியிருக்கும். வீடு முப்பது அடி நீளம் எண்டு வைங்க, ரெண்டு அடிக்கு ஒரு கைமரம் எண்டா 16 கைமரம். ஒரு பக்க இறக்கம் 13 அடி எண்டா அடிக்கு ஒரு சலாகை பிடிச்சு 14 சலாகை. 16ஐ 14ஆல பெருக்கினா 224. ரெண்டு பக்கமும் 448. இது ஒரு இடத்துக்கு ஒரு ஆணி எண்ட கணக்கு. வாளிக்க இரிக்கிற ஆணிய ஒண்டொண்டா எண்ணத் தேவல்ல, நூறு ஆணிய நிறுத்துப் பாத்துட்டு முழு வாளியையும் நிறுங்க, எத்தின இரிக்கெண்டு வந்திரும். அதக் கழிச்சா வெளிய கெடக்கிற தொகை ஓரளவு விளங்கும். ஒடிஞ்ச ஆணி, கைமரத்துலயே தங்கின ஆணி கொஞ்சம் இரிக்கும், அதையும் மனசுல வைங்க.

இனிக் கூட்டுறத நிப்பாட்டுங்க. மணல்ல ஈக்கில் போட்டா மேல கெடக்கிற ஆணியும் உள்ளுக்குப் போகும். இரும்புப் பல்லு வைச்ச வாரி ஒண்டு எடுத்து, நாலு விரக்கட ஆழத்துக்கு மணலக் கிண்டி இழுங்க, ஆணி மேல வரும். பிறகு காந்தம். ஹாட்வெயார் கடையில சக்கரம் பூட்டின காந்தம் கிடைச்சா நல்லம், ஆனா அது சிமெந்துத் தரைக்கும் தாருக்கும்தான் நல்லா ஓடும், உங்கட மணல்ல சக்கரம் புதையும். பழைய ஸ்பீக்கர் காந்தம் நாலு எடுத்து ரெண்டடிப் பலகையில கீழ்ப்பக்கமாப் பூட்டி, கயித்தக் கட்டி மணலோட மணலா இழுங்க. தூக்கிப் பிடிக்கக் கூடாது, ஸ்பீக்கர் காந்தம் ஒரு அங்குலத்துக்கு மேல உயந்தா ஆணிய இழுக்காது.

வடக்குத் தெக்கா ஒருக்கா, கிழக்கு மேற்கா ஒருக்கா. கயிறு கட்டி மூண்டு மூண்டு அடிப் பட்டியாப் பிரிச்சுப் போனாத்தான் விட்ட இடம் தெரியும். எல்லாத்தையும் விடத் தாழ்வாரத்துக்குக் கீழ நாலடி அகலத்த நல்லாப் பாருங்க, ஆணியில பெரும்பங்கு அங்கதான் கெடக்கும். புது சீட்டுக்கு ஸ்குரூ அடிக்கக்குள்ள ட்ரில்லால வார சுருள் சுருளான இரும்புத் தூளும் அங்கதான் விழும், அது ஆணிய விடப் பொல்லாத சாமான், புள்ளைகள்ட விரலுக்க ஏறினா எடுக்கேலாது. அதையும் காந்தம் பிடிக்கும்.

ஆணிக்கு வெள்ளப் பூச்சு இரிந்தா காந்தம் பிடிக்காது எண்டு சிலர் சொல்லுவாங்க, அது பிழை. பூச்சு நாகம், உள்ள இரும்புதான், பிடிக்கும். பீலிக்கு அடிச்ச அலுமினிய றிவட்டத்தான் பிடிக்காது, அத கண்ணாலதான் பொறுக்கோணும்.

தென்னமரத்தடி ஆணி பத்திக் கேட்டிங்க. நாப்பது அடி தெறிக்காது. கழட்டின சலாகைய என்ன செஞ்சிங்க?


திருக்கோவில்_மச்சான்:

ஓடாவி நானா சொன்னது சரி, ஆனா கரையோர மணலுக்கு ஒண்டு சேத்துச் சொல்லோணும். நான் போன வருசம் இதே வேல செஞ்சனான், காந்தத்த வெறுமனே மணல்ல இழுத்து அஞ்சு நிமிசத்துல பாத்தா காந்தம் முழுக்கக் கறுத்த மயிர் முளைச்ச மாதிரி கருமணல் ஒட்டிப் போய்க் கிடந்தது, ஆணி பிடிக்க இடமே இல்ல. எங்கட கடல் மணல்ல இரும்பு கலந்த கறுத்த மணல் இரிக்கி, புல்மோட்டையில அள்ளுறாங்களே இல்மனைற்று, அந்தச் சாதிதான். சின்னப் புள்ளையில எல்லாரும் காந்தத்த மணலுக்க போட்டு விளையாடியிருப்பம், அதுதான் இது. ஒருக்கா ஒட்டினா கையால துடைச்சு எடுக்க ஏலாது, விரலோட சுத்திச் சுத்தி வரும்.

அதுக்கு வழி, காந்தத்த ஒரு தடிச்ச சொப்பிங் பேக்குக்க போட்டு வாயக் கட்டி இழுங்க. நிறைஞ்ச உடன ஒரு சாக்குக்கு மேல பிடிச்சு, பேக்க உள்பக்கம் வெளிய வாறமாதிரிக் கழட்டி காந்தத்த வெளிய எடுத்தா ஆணியும் கருமணலும் எல்லாம் பொலபொல எண்டு தன்பாட்டுல விழும். பலகையில பூட்டினா பலகைக்கும் சேத்து ஒரு உரப்பேக்க உறை மாதிரிப் போடுங்க. பேக் கிழியும், பத்துப் பேக் பக்கத்துல வைச்சுக்கொள்ளுங்க.

காந்தம் எங்க எடுக்கிற எண்டா, ரேடியோ ரிப்பேர் கடையில எரிஞ்ச ஸ்பீக்கர் கிடக்கும், கேட்டாக் குடுப்பாங்க. கடதாசிக் கூம்பக் கிழிச்சுட்டு தகரச் சட்டத்தக் கழட்டினாக் காணும். பழைய கொம்பியூட்டர் ஹாட்டிஸ்குக்கு உள்ள இரிக்கிற காந்தம் சின்னன், ஆனா சரியான பலம், ரெண்டு ஒட்டினா விரல நசுக்கும், கவனம்.

சில பேர் அரிதட்டால அரிக்கச் சொல்லுவாங்க. கொங்கிரீட்டு மணல் அரிக்கிற பெரிய கண் வலையில அரிச்சு நான் ஏமாந்தனான். ஆணி நிமிந்து நிண்டு கண்ணுக்குள்ளால நேரா இறங்கிப் போயிரும். பூச்சு மணல் அரிக்கிற சின்னக் கண் வலைதான் வேணும், அதுவும் முழு வளவுக்கும் ஏலாது, புள்ளைகள் விளையாடுற ஒரு துண்டு இடத்துக்கு மட்டும் செய்யலாம்.


ஆரையம்பதி_தாதி:

கல்லாறு தங்கச்சி, உங்கட மகனுக்கு ஏற்பு (டெட்டனஸ்) ஊசி போட்டிங்களா? அத முதல்ல சொல்லுங்க. ஆணி குத்தின காயம் வெளிய பாத்தா ஒரு புள்ளி, ரத்தமும் வராது, அதனாலதான் ஆக்கள் விட்டுருவாங்க. துருவாலதான் ஏற்பு வருது எண்டு எங்கட ஊருல எல்லாரும் நினைக்கிற, துரு இல்லாத புது ஆணி எண்டா பயமில்ல எண்டும் சொல்லுற. அப்படி இல்ல. ஏற்புக் கிருமி மண்ணுலயும் மாட்டுச் சாணியிலயும் கிடக்கிற. காத்துப் படாத ஆழமான காயத்துக்குள்ளதான் அது பெருகும், ஆணிக்குத்து அதுக்கு எடுத்து வைச்ச இடம். ஆணி பளபளப்பா இருந்தாலும் ஒண்டுதான்.

குத்தின உடன ஓடுற தண்ணியில சவுக்காரம் போட்டு நல்லாக் கழுவுங்க. விளக்குத்திரி சுட்டு வைக்கிறது, சுண்ணாம்பு மஞ்சள் அப்புறது, ஒண்டும் வேணாம், காயத்திட வாயத்தான் அது மூடும். பிறகு பக்கத்து ஆசுபத்திரிக்குப் போங்க, கிளினிக் கார்ட்டையும் கொண்டு போங்க. நம்மட நாட்டுல குழந்தைக்கு 2, 4, 6 மாசத்துலயும் 18 மாசத்துலயும் 5 வயசுலயும் இந்த ஊசி சேத்துப் போடுற, பிறகு பள்ளிக்கூடத்துல ஏழாம் ஆண்டுல, 12 வயசளவுல. ஊத்தையான காயம், கடைசி ஊசி போட்டு அஞ்சு வருசத்துக்கு மேல எண்டா இன்னொண்டு போடுவாங்க. பெரியாக்கள் கன பேருக்குக் கடைசியா எப்ப போட்டது எண்டே ஞாபகம் இல்ல, கூரை வேலைக்குப் போற தம்பிமாரும் இத வாசிச்சா ஒருக்கா யோசிங்க.

செருப்பால ஏறின காயம் எண்டு சொன்னிங்க. அந்த ஆணி செருப்பு றப்பர்ல ஒரு துணுக்க உள்ளுக்குத் தள்ளிட்டுப் போயிருக்கலாம். செருப்ப எடுத்து ஓட்டையப் பாருங்க, துண்டு காணாமப் போயிருந்தா டொக்டருக்குச் சொல்லுங்க. ரெண்டு மூண்டு நாளுக்குப் பிறகு வீங்கி நோகத் தொடங்கினா உடன காட்டோணும்.

அம்மாவுக்கு ஒவ்வொரு நாளும் ராவைக்கு படுக்க முதல் ரெண்டு பாதத்தையும் லைட்டுல பாருங்க, விரல் இடுக்கையும் சேத்து. நான் வார்ட்டுல பாத்திருக்கன், காலுக்க ஆணி துண்டு இருக்கிறது தெரியாம நாலு நாள் நடந்து திரிஞ்ச ஆக்கள. கடைசியில விரல எடுக்க வேண்டி வந்த சம்பவமும் இருக்கு. தடிச்ச அடி உள்ள செருப்பு ஒண்டு கிணத்தடிக்கெண்டே வாங்கிக் குடுங்க, அவ கோவிச்சாலும் பரவாயில்ல.


வெல்லாவெளிப்_பட்டி:

மனிசர் கதை எல்லாரும் சொல்லிட்டிங்க, நான் மாட்டுக் கதை சொல்றன். உங்கட வளவுல மாடு கட்டுறிங்களா, இல்லாட்டி வெட்டின புல்ல, வைக்கோல அந்த இடத்துல போடுறிங்களா? மாடு ஆடு மாதிரி நுனிப் பாத்துத் தின்னாது, நாக்கால வளைச்சு அள்ளி அப்படியே விழுங்கும், ஆணியும் கம்பியும் சேந்து போகும். ரெண்டாவது இரைப்பை தேன்கூடு மாதிரி இருக்குமே, பாரமான சாமான் எல்லாம் அதுக்கதான் தங்குற, அதுக்கு முன்னுக்கு ஒட்டினாப் போல நெஞ்சு. இரைப்பை சுருங்கி விரியக்குள்ள ஆணி கிழிச்சுக்கொண்டு நெஞ்சுப் பக்கம் போகும்.

எங்கட பட்டியில ஒரு நல்ல கறவை இப்படித்தான் போனது. ரெண்டு நாள் தீன் எடுக்கல, முதுக வளைச்சு முன்கால அகட்டி நிண்டது, வயிறு ஊதின எண்டு நினைச்சு நாங்க மருந்து பருக்கினம். டொக்டர் வந்து பாக்கக்குள்ள தாடைக்குக் கீழ, நெஞ்சுச் சதையில எல்லாம் நீர் இறங்கிட்டு. பிறகு வெட்டிப் பாக்கக்குள்ள மூண்டு அங்குல ஆணி. எங்கட மாட்டு மாலுக்குக் கூரை மேஞ்ச அதே சாதி ஆணி. அதுக்குப் பிறகு நான் மிருக வைத்தியரக் கேட்டு மத்த மாடுகளுக்குக் காந்தம் குடுத்துட்டன், விரல் நீளத்துல ஒரு உருளைக் காந்தம், விழுங்கினா அந்த இரைப்பையிலயே தங்கி ஆணியப் பிடிச்சு வைச்சுக்கொள்ளும். எண்டாலும் வளவச் சுத்தமாக்காம மாட்டுக்குள்ள காந்தம் வைச்சுப் பிரயோசனம் இல்ல. பக்கத்து வீட்டு மாடு உங்கட வளவுக்க வந்தாலும் ஒண்டுதான், சொல்லி வைங்க.


கல்லாறு_மகள்:

எல்லாருக்கும் நன்றி, உண்மையா மனசு நிறைஞ்சு போச்சு. ஒண்டொண்டாச் சொல்றன்.

மகனுக்கு அண்டைக்கே ஊசி போட்டாச்சு அக்கா. செருப்பப் பாத்தன், துண்டு ஒண்டும் குறையல. அம்மாட கால ராவு ராவு பாக்கிறன்.

ஓடாவி நானா, சலாகை எங்க எண்டு நீங்க கேட்ட கேள்விதான் கண்ணத் திறந்தது. நல்ல சலாகைய அடுக்கி வைச்சிட்டு உளுத்ததெல்லாம் விறகுக்கு எண்டு அம்மா குசினிப் பக்கம் எடுத்து வைச்சவ. ஆணி கழட்டாமலே எரிச்சிருக்கா. அடுப்புச் சாம்பல வழக்கமா தென்னமரத்தடிக்கும் வாழைக்கும்தான் கொட்டுற. போய்ப் பாத்தா சாம்பலுக்க ஆணி, துரு இல்லாமக் கறுத்து நீலம் பாஞ்ச ஆணி, மண் ஆணியோட வைச்சுப் பாத்தா வித்தியாசம் தெரியுது. காந்தத்த சாம்பல்ல வைச்ச உடன 140க்கு மேல வந்துட்டு. நாங்க தாழ்வாரத்துல தேடிக்கொண்டு இருக்கிறம், ஆணி வாழைக்குக் கீழ இருந்திருக்கு. இப்ப அம்மா சலாகை ஒண்ட அடுப்புல வைக்க முதல் தட்டிப் பாக்கிறா.

கணக்கும் போட்டன். எங்கட வீடும் கிட்டத்தட்ட நீங்க சொன்ன அளவுதான், ஆனா வாளியிலயே அறுநூறுக்கு மேல இருந்தது, 448 எண்ட கணக்கு எப்படியும் சரி வரல. அம்மாவக் கேட்டாப் பிறகுதான் விளங்கினது. 1978 நவம்பர் 23 சூறாவளியில எங்கட ஓடு முழுக்கப் பறந்து போனது, அம்மாவும் அப்பாவும் அந்த ராவு மேசைக்குக் கீழ இருந்தவங்களாம். அடுத்த வருசம் திரும்பக் கூரை போடக்குள்ள அப்பா ஓடாவியோட நிண்டு, ஒரு ஆணி அடிக்கிற இடத்துல ரெண்டு அடிக்கச் சொல்லி, தானும் ஏறி அடிச்சவராம். அப்ப 896. வாளி, சாம்பல், காந்தத்துக்கு வந்தது எல்லாம் சேத்து நேத்து வரைக்கும் 870 வந்துட்டு.

சொப்பிங் பேக் வேல அருமை மச்சான், கருமணல் பத்தி நீங்க சொல்லாட்டி நான் காந்தத்தத் தூக்கி எறிஞ்சிருப்பன்.


சம்மாந்துறை_ஓடாவி:

அல்ஹம்துலில்லாஹ், சந்தோசம் தங்கச்சி. 78 சூறாவளிக்குப் பிறகு போட்ட கூரைகள்ல நானும் பாத்திரிக்கன், கழட்டக்குள்ள எங்களுக்கு முதுகு முறியும், ரெண்டு மூண்டு ஆணி ஒரே இடத்துல. இப்பதான் ஏன் எண்டு நினைக்கிறன்.

மிச்ச இருவத்தாறுக்கு அவசரப்படாதிங்க, அரைவாசி கைமரத்துலயே ஒடிஞ்சு நிக்கும். முதல் மழை பெய்ய விடுங்க. மழ விட்ட அடுத்த நாள் காலயில வெயில் சாய்வா இரிக்கக்குள்ள தாழ்வாரத்தோட நடங்க, சீட்டுப் பள்ளத்தால தண்ணி விழுந்து மணல்ல வரிசையாச் சின்னக் குழி விழுந்திருக்கும், அந்தக் குழிக்க கழுவுப்பட்டு ஆணி கெடக்கும். ராவையில டோர்ச்ச நிலத்தோட நிலமா வைச்சு அடிச்சுப் பாத்தாலும் மினுங்கும்.

இனி இத வாசிக்கிற ஆக்களுக்கு, வேல தொடங்க முதல் ஓடாவியோட கதைச்சுக்கொள்ளுங்க. தாழ்வாரத்துக்குக் கீழ சுத்திவரப் படங்கு (தார்ப்பாய்) விரிக்கிறது, சலாகைய எறியாமக் கயித்துல இறக்கிறது, கழட்டின இடத்துலயே ஆணி புடுங்கி வாளிக்க போடுறது, பின்னேரம் படங்கச் சுருட்டி உதறுறது. அரை நாள் கூலி கூடக் கேப்பம், குடுங்க. பழைய அஸ்பெஸ்டஸ் சீட் எண்டா இன்னும் கவனம், உடைச்சுக் கீழ தள்ள விடாதிங்க, தண்ணி அடிச்சு ஈரமாக்கி முழுசா இறக்கோணும், அந்தத் தூள் நெஞ்சுக்கு ஆகாது, அதக் கூட்டவும் கூடாது.


கல்லாறு_மகள்:

நேத்து ராவு நல்ல மழை. காலயில ஆறரைக்கு அம்மாவும் நானும் தாழ்வாரத்தோட நடந்தம், அம்மா புதுச் செருப்போட. நானா சொன்ன மாதிரி சரியா ஒரு சாண் இடைவெளியில குழி குழியா விழுந்து கெடந்தது, ஒவ்வொரு குழியையும் குனிஞ்சு பாத்தம். கிழக்குப் பக்கம் மூண்டு, கிணத்தடிப் பக்கம் ஆறு, பின்னுக்கு ரெண்டு, எல்லாம் செம்மஞ்சளா வெள்ள மணல்ல தனியாத் தெரிஞ்சது. பதினொண்டு. கிணத்தடி ஆறும் அம்மா நடக்கிற பாதையில.

திவசத்துக்கு இன்னும் பதினாறு நாள் இருக்கு, அடுத்த மழைக்குப் பிறகும் ஒருக்கா நடப்பம்.